சிஎஸ்டபிள்யூஏ தேர்வுக்கு மாதிரித் தாள் மட்டும் போதுமா, டிராயிங் படிக்கத் தெரிய வேண்டுமா?

பாலிடெக்னிக்_பையன்:
மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருடம் படிக்கிறேன். கம்ப்யூட்டரில் 3டி மாடல் செய்கிற சாலிட்வொர்க்ஸ் மென்பொருளின் சிஎஸ்டபிள்யூஏ (சர்டிஃபைட் சாலிட்வொர்க்ஸ் அசோசியேட்) சான்றிதழ்த் தேர்வை எழுதலாம் என்று இருக்கிறேன். பயிற்சி மையத்தில் கேட்டால் மாதிரித் தாளைத் திரும்பத் திரும்பப் போடு, வேகம் வந்துவிட்டால் பாஸ் என்கிறார்கள். எங்கள் துறை சார் மட்டும், முதலில் கையால் மூன்று வியூ (முன், மேல், பக்கத் தோற்றம்) வரைந்து பழகு, அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் போ என்கிறார். கையில் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது, நடுவில் செமஸ்டர் வேறு. எதைப் பிடிப்பது?

கட்டிங்_ப்ளேன்:
மையத்தில் சொன்னதுதான் சரி. நான் கோவையில் இதே தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவன், மதிப்பெண் கணக்கை வைத்தே சொல்கிறேன். பல வருடமாக இருந்த வடிவத்தில் மொத்தம் 240, பாஸுக்கு 165, 14 கேள்வி, 3 மணி நேரம். அதில் டிராஃப்டிங் என்று வருவது மூன்றே கேள்வி, தலா 5, ஆக 15. அதிலும் யாரும் உங்களை வரையச் சொல்வதில்லை. ஏ என்ற வியூவிலிருந்து பி என்ற வியூ கிடைக்க எதைப் போட வேண்டும், செக்‌ஷனா, க்ராப்பா, டீட்டெயிலா, ப்ரோக்கன் அவுட் செக்‌ஷனா என்று கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு வியூவையும் போட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது. அசெம்பிளிக்கு, அதாவது பல பார்ட்டை ஒன்றாகப் பொருத்துவதற்கு, நான்கு கேள்வி, தலா 30, ஆக 120. பாதி மதிப்பெண் அங்கே கிடக்கிறது, பிள்ளைகள் பார்ட் மாடலிங்கையே உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது தேர்வை இரண்டு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள், கேட்கிற திறமை மாறவில்லை. ஒன்றரை மாதத்தில் மினி டிராஃப்டர் பிடித்து வரைய உட்கார்ந்தால் இதற்கெல்லாம் நேரம் எங்கே?

டூல்ரூம்காரன்:
டிராயிங்குக்கு 15 மதிப்பெண்தான் என்கிறீர்கள். மீதி 225க்கும் கேள்வி எந்த உருவத்தில் வருகிறது சார்? டிராயிங்காகத்தானே வருகிறது. திரையில் ஒரு ஐசோமெட்ரிக் (முப்பரிமாணமாகத் தெரிகிற படம்), பக்கத்தில் இரண்டு மூன்று வியூ, அதில் அளவுகள். அதைப் படிக்கத் தெரியாதவன் எதை மாடல் செய்வான்?

தம்பி, ஒரு விஷயம் கவனி. டிராயிங்கில் வியூக்களை அடுக்க இரண்டு முறை உண்டு, நம் ஊர்க் கல்லூரிகளில் சொல்லித் தருவது ஃபர்ஸ்ட் ஆங்கிள். இந்தியத் தரநிலைகள் அமைப்பின் எஸ்பி 46 கையேட்டை ஒட்டித்தான் பாடம் நடக்கிறது. அமெரிக்கப் பழக்கத்தில் வரும் டிராயிங் தேர்ட் ஆங்கிள். ஃப்ரண்ட் வியூவுக்கு வலது பக்கம் ஒரு வியூ இருந்தால் அவர்களுக்கு அது வலமிருந்து பார்த்தது, நமக்கு இடமிருந்து பார்த்தது. இதை மாற்றிப் படித்தால் முன்பக்கம் நிற்க வேண்டிய பாஸ் (boss, பார்ட்டில் துருத்தி நிற்கிற மேடு) பின்பக்கம் போய் நிற்கும், கண்ணாடியில் பார்த்த மாதிரி பார்ட் திரும்பிவிடும். இதில் ஆபத்து என்னவென்றால் தேர்வில் விடையாகக் கேட்கிற எடை மாறவே மாறாது. கடைசி தசமம் வரைக்கும் அதே கிராம்தான் வரும். விடை சரி, பார்ட் தப்பு. தேர்வில் தப்பித்துவிடலாம். எங்கள் டூல்ரூமில் இடது பிராக்கெட்டுக்கு வலது பிராக்கெட் வெட்டினால் அது நேராக ஸ்க்ராப் தொட்டிக்குத்தான் போகும்.

கட்டிங்_ப்ளேன்:
அதற்குத்தானே ஐசோமெட்ரிக் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தால் பாஸ் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடாதா? சென்டர் ஆஃப் மாஸ் (நிறை மையம்) கேட்கிற கேள்வியில் திருப்பிப் போட்டால் எண்ணும் மாறிவிடும். அதைவிட, தாளிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒவ்வொரு பார்ட்டிலும் முதல் கேள்விக்கு விடைகள் கொடுத்திருப்பார்கள், உங்கள் எண் அவற்றில் ஏதோ ஒன்றின் 1 சதவீதத்துக்குள் வராவிட்டால் மாடலைத் திரும்பப் பார் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். இந்த மாதிரி நெளிவுசுளிவெல்லாம் மாதிரித் தாள் போட்டால்தான் பிடிபடும்.

நேர்கோடு_நித்யா:
இரண்டு பேருமே முக்கியமான இடத்தைத் தொடவில்லை. அந்த முதல் கேள்வியில் யாரும் விழுவதில்லை, விழுவது அடுத்த கேள்வியில். அதே பார்ட்டில் ஏ, பி, சி அளவுகளை மட்டும் மாற்றி, இப்போது எடை என்ன என்று கேட்பார்கள். அங்கே விடைகள் இருக்காது, எண்ணை நீங்களே அடிக்க வேண்டும். ஏ-யை மாற்றிய உடனே ஃபீச்சர் மரம் (மாடல் செய்த படிகளின் பட்டியல்) முழுக்கச் சிவப்பாகிவிடும், ஃபில்லெட் போட்டு வளைத்த விளிம்பைக் காணோம் என்று கத்தும், பையன் மறுபடி முதலிலிருந்து வரைவான், நேரம் போச்சு. இன்னும் மோசம், எர்ரர் எதுவும் வராமல் ஸ்லாட் மட்டும் நடுவிலிருந்து நகர்ந்திருக்கும், எடை கொஞ்சம் தப்பாக வரும், அவனுக்கே தெரியாது.

இதைத் தடுக்கிற வழி டிராயிங்கில்தான் இருக்கிறது. துளையின் அளவு எந்த முகத்திலிருந்து கொடுக்கப்பட்டிருக்கிறது? இடது விளிம்பிலிருந்தா, நடுக்கோட்டிலிருந்தா? அவர்கள் எங்கிருந்து அளந்தார்களோ அங்கிருந்தே ஸ்கெட்சிலும் அளவு கொடுங்கள். சமச்சீர் என்றால் ஆரிஜினை (சுழிப்புள்ளி) நடுவில் வைத்து மிட் ப்ளேனில், இரண்டு பக்கமும் சமமாக நீளும்படி, எக்ஸ்ட்ரூட் பண்ணுங்கள். ஏ, பி, சி மூன்றையும் குளோபல் வேரியபிளாக, அதாவது ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும்படி, வையுங்கள். ஃபில்லெட், சாம்ஃபர் (விளிம்பைச் சரிவாக வெட்டுவது) கடைசியில். இப்படிக் கட்டியிருந்தால் இரண்டாவது கேள்வி அரை நிமிட வேலை. டூல்ரூம் அண்ணா சொல்கிற டிராயிங் படிப்பு தேர்வுக்கு இங்கேதான் உதவும். ஆனால் அதற்காகக் கையால் வரைய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் தம்பி, பார்ட்டுக்கு மெட்டீரியல் கொடுக்க மறந்தால் சாலிட்வொர்க்ஸ் தண்ணீரின் அடர்த்தியை, அதாவது கன மீட்டருக்கு 1000 கிலோவை எடுத்துக்கொள்ளும். 6061 அலாய் என்கிற அலுமினியத்துக்கு 2700. உங்கள் எடை விடையைவிட 2.7 மடங்கு குறைவாக வந்தால் ஸ்கெட்சைத் தோண்டிக்கொண்டிருக்காமல் முதலில் மெட்டீரியலைப் பாருங்கள்.

டூல்ரூம்காரன்:
நித்யா சொன்னது நல்ல விஷயம். ஆனால் எனக்கு இந்தச் சான்றிதழ் மேலேயே வருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் இந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பையனைச் சேர்த்தார்கள். புஷ் (துளைக்குள் இறுக்கமாக உட்காருகிற குழாய்) உட்கார வேண்டிய ப்ளேட், 20 மி.மீ. எச்7 துளை. பையன் 20 என்று அழகாக மாடல் செய்தான், டிராயிங்கிலும் வெறும் 20 என்றே போட்டு ஷாப் ஃப்ளோருக்கு அனுப்பிவிட்டான். எச்7 என்றால் 20.000லிருந்து 20.021க்குள். வெறும் 20 என்றால் டைட்டில் பிளாக்கில் இருக்கிற பொது டாலரன்ஸ்தான் (அளவு எவ்வளவு விலகலாம் என்கிற வரம்பு) செல்லும், ஐஎஸ்ஓ 2768 எம் என்று போட்டிருந்தால் அந்த அளவுக்குக் கூட்டல் கழித்தல் 0.2. மெஷினிஸ்ட் டிரில் போட்டு விட்டுவிட்டார், அவர் மேல் என்ன குற்றம்? புஷ் கையாலேயே உள்ளே போய் வெளியே வந்தது. அந்த லாட் முழுக்கப் போனது. மூன்று மணி நேரத் தேர்வில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதைத் தெரியாதவனை டிராயிங் தெரிந்தவன் என்று சொல்லி ஒரு தாள் கொடுக்கலாமா?

கட்டிங்_ப்ளேன்:
அண்ணா, அந்தத் தாளில் அப்படி எழுதவே இல்லை. அசோசியேட் என்றுதான் இருக்கிறது, அதாவது தொடக்க நிலை. எச்7 பார்க்காமல் டிராயிங்குக்குக் கையெழுத்துப் போட்டது யார்? செக்கர் என்று ஒருத்தர் அந்தக் கம்பெனியில் இல்லையா? புதுப் பையன் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள்.

என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, சிபாரிசு பண்ண ஆள் கிடையாது. பயோடேட்டாவில் இந்த ஒரு வரி இருந்தால்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுகிறார்கள். டாலரன்ஸ் உங்களைப் போன்ற ஆளிடம் வேலை பார்த்தால் வரும். உள்ளே விட்டால்தானே வேலை பார்க்க முடியும்?

டூல்ரூம்காரன்:
செக்கர் பார்த்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்டர்வியூவில் நான் உட்கார்ந்தால் தாளைப் பார்க்க மாட்டேன், ஒரு பழைய டிராயிங்கைக் கையில் கொடுத்து இந்தப் பார்ட்டை வாயால் சொல்லு என்பேன்.

பாலிடெக்னிக்_பையன்:
எல்லோருக்கும் நன்றி. நித்யா அக்கா, கையால் வரைய வேண்டாம் என்கிறீர்கள், ஆனால் டிராயிங் படிக்கப் பழகு என்கிறீர்கள். எதை வைத்துப் பழகுவது?

நேர்கோடு_நித்யா:
உங்கள் மெஷின் டிராயிங் புத்தகமே போதும். நக்கிள் ஜாயிண்ட், ஸ்க்ரூ ஜாக், ப்ளம்மர் பிளாக், டெயில்ஸ்டாக் எல்லாம் அதில் இருக்கும். தனித்தனிப் பார்ட்டாக மாடல் செய்து அசெம்பிளி பண்ணுங்கள். நக்கிள் ஜாயிண்டில் ஃபோர்க்கின் (கவை முனையுள்ள தண்டு) இரண்டு காதுக்கு நடுவில் ஐ-யின் (eye, துளையுள்ள தண்டு) தலை சரியாக உட்காருகிறதா, நடுவில் செருகுகிற பின் (pin) இரண்டையும் தாண்டி வெளியே வந்து காலருக்கு இடம் விடுகிறதா என்று பாருங்கள். டிராயிங்கைத் தப்பாகப் படித்திருந்தால் அங்கே இடிக்கும், இன்டர்ஃபியரன்ஸ் டிடெக்‌ஷன் போட்டால் சிவப்பாகக் காட்டிவிடும். கட்டிங்_ப்ளேன் சார் சொன்ன அந்த 120 மதிப்பெண்ணுக்கும் இதுவே பயிற்சி.

கட்டிங்_ப்ளேன்:
யோசனை நல்லதுதான், ஆனால் அந்தப் புத்தகங்களில் பாதி டிராயிங்கில் ஒரு அளவாவது விட்டுப்போயிருக்கும், எடைக்கு விடையும் கிடையாது. செய்தது சரியா என்று பையன் யாரிடம் கேட்பான்? முதல் மூன்று வாரம் வேண்டுமானால் நித்யா சொன்னபடி செய். அதற்குப் பிறகு மாதிரித் தாளும் கடிகாரமும் மட்டும்தான், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அசெம்பிளி கேள்வியில் முதல் பார்ட்டை அவர்கள் காட்டிய ஆரிஜினில், காட்டிய திசையில் வை. மேட் (பார்ட்டுகளை ஒன்றோடொன்று பொருத்துகிற இணைப்பு) எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு ஆரிஜினைக் கோட்டைவிட்டால் சென்டர் ஆஃப் மாஸின் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் தப்பாகத்தான் வரும், 30 மதிப்பெண்ணும் போய்விடும்.