பேஸ்பாலின் ஸ்வீட் ஸ்பாட்: தமிழில் 'தையலிடை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். பேஸ்பால் ஆட்டத்துப் பந்தில் கையெழுத்து வாங்குவதற்கென்றே ஓர் இடம் உண்டு, ஆங்கிலத்தில் அதை 'ஸ்வீட் ஸ்பாட்' (sweet spot) என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் விவாத இழையில் ஒருவர் எழுதியது:

> 'இனிப்புப் புள்ளி' என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் படிப்பவர் பந்தில் லட்டைத் தேடுவார். முதலில் அது எந்த இடம் என்று பார்த்துவிடுவோம்.

பேஸ்பாலின் மேலுறை, எட்டு வடிவில் வெட்டிய இரண்டு வெள்ளைத் தோல்துண்டுகள். அவற்றை ஒன்றோடொன்று பொருத்திச் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல் போட்டு மூடுகிறார்கள். எட்டுக்கு இடுப்பு உண்டல்லவா? அங்கே இரு பக்கத்துத் தையலும் நெருங்கி வரும், நடுவில் ஒரு பெயர் எழுதும் அளவுக்குத்தான் வெள்ளை மிஞ்சும். அப்படி நெருங்கும் இடத்தில் அச்சு எதுவும் இல்லாத பக்கம்தான் நாம் பேசுவது. ஒரே வீரரிடம் கையெழுத்து வாங்கினால் அங்கேதான் வாங்க வேண்டும், சேகரிப்பவர்கள் மதிப்பதும் அதைத்தான்.

அணி முழுவதும் ஒரே பந்தில் கையெழுத்திட்டால் வழக்கம் வேறு. அந்த இடத்தை மேனேஜருக்கு விட்டுவைப்பார்கள். (இவரை 'மேலாளர்' என்றால் வங்கிக் கிளை ஞாபகம் வருகிறது. ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு களத்தோரம் இருந்து அணியை நடத்துபவர் இவர். அதற்குத் தனி இழை திறப்போம்.) நேற்றுச் சேர்ந்த பையன் அங்கே கையெழுத்துப் போட்டால், பந்தியில் மாப்பிள்ளைக்குப் போட்ட இலையில் போய் உட்கார்ந்த மாதிரி.

'மையிடம்' என்று ஒரு யோசனை வந்தது. மை படும் இடம் என்பது சரி, ஆனால் காதுக்கு மையம் என்றே கேட்கும். பேஸ்பாலின் மையத்தில் இருப்பதோ ரப்பர் சுற்றிய தக்கை உருண்டை. 'ஒப்பிடம்' (கையொப்பம் இடும் இடம்) அழகுதான், 'ஒப்பிடத்தில்' என்றதும் எதோடு ஒப்பிட என்று கேட்கத் தோன்றுகிறது.

என் பரிந்துரை: தையலிடை, அதாவது இரு தையலுக்கும் இடைப்பட்ட இடம். ஒருவர் தனிமடலில் கடிந்துகொண்டார், தையல் என்றால் பெண், விளையாட்டுக் கட்டுரையில் சிருங்காரம் எதற்கு என்று. நான் தேடிப் போகவில்லை ஐயா, தோலைத் தைத்தவர்கள் அப்படித் தைத்துவிட்டார்கள். இரட்டைப் பொருள் இருப்பதால் சொல் மறக்காது, அவ்வளவுதான்.

சொல்லை ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். போன மார்ச்சில் அரிசோனாவில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் பார்த்ததை எழுதிப் பார்க்கிறேன்.

ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தடுப்போரம் பத்துப் பன்னிரண்டு பேர், பெரியவர்கள் ஒதுங்கிச் சிறுவர்களை முன்னால் விட்டார்கள். ஒரு பையன் தையலிடை மேலே தெரியும்படி பந்தைத் திருப்பிப் பிடித்து நீட்டினான், இன்னொரு கையில் தடித்த மார்க்கர். வீரர் பந்தை வாங்கினார், மார்க்கரை வாங்கவில்லை. அந்த மை தோலில் ஊறிப் பரவிவிடும். பேஸ்பாலுக்கு நீல பால்பாயிண்ட் பேனாதான். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். வீரர் "உன் பேர் என்ன?" என்று கேட்டு, தையலிடையில் தன் பெயரையும் பக்கத்து அகன்ற வெள்ளையில் பையன் பெயரையும் எழுதினார். (இன்னாருக்கு என்று எழுதிய பந்தை விற்பது கடினம், பெயர் கேட்பதில் அந்தக் கணக்கும் உண்டு.) அன்று முதலில் பந்து வீசப்போகிறவர் மட்டும் தலை நிமிராமல் கடந்துபோனார். யாரும் கூப்பிடவில்லை. வீச்சு நாளில் அவரைத் தொந்தரவு செய்வதில்லை.

இரண்டு இடத்திலும் சொல் இடறவில்லை என்று நினைக்கிறேன். உங்களுக்கு இடறினால் சொல்லுங்கள்.

அப்புறம், மட்டைக்கும் ஒரு ஸ்வீட் ஸ்பாட் உண்டு, பந்து பட்டால் அடி நன்றாக விழும் இடம். அதற்குத் தையலிடை செல்லாது, மட்டையில் தையல் ஏது? 'அடிமையம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வேகமாகப் படித்தால் 'அடிமை' என்று விழுகிறது. அதற்கு வேறு யோசியுங்கள்.