மெல்லப் பருக ஏற்ற ஸ்காட்ச் விஸ்கி: பரிந்துரை தேவை

அனைவருக்கும் வணக்கம். உணவுக்குப் பின் நிதானமாகப் பருக எனக்கு மிகவும் பிடித்தது அயர்லாந்தின் ரெட்பிரஸ்ட் 12 என்னும், பன்னிரண்டு ஆண்டுகள் முதிர்ந்த விஸ்கி. கார்க் மாவட்டத்து மிடில்டனில், முளைகட்டிய பார்லியுடன் முளைகட்டாத பார்லியையும் சேர்த்து, செப்புக் கலன்களில் மூன்று முறை காய்ச்சி வடிக்கப்படும் அதற்கு, நாவில் பாலேடு போல் படியும் வழவழப்பும், ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாய் தரும் உலர்திராட்சை மணமும் வாய்த்திருக்கின்றன. சில துளி தண்ணீர் விட்டால் அந்த மணம் விரிகிறது. ஐஸ் கட்டி போட்டாலோ அடங்கிவிடுகிறது.

ஸ்காட்ச் வகையில் இதற்கு இணையான ஒன்றைத் தேடுகிறேன். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கப்படும் லகவூலின் 16 மிக உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதன் பீட் (சதுப்பு நிலத்து மக்கிய தாவர எரிபொருள்) புகை மணம் சாவகாசமான மாலைப் பொழுதுக்குச் சற்றுக் கனமானது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியைச் சேர்ந்த கிளென்ஃபார்க்ளஸ் 15 அந்த வழவழப்பைத் தருமா, அதன் 46 சதவீத வீரியத்துக்கு எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது பொருத்தம் என்பதைப் பருகியவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.