பச்சிளங்குழந்தைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்): தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

இரவுப்பணிச் செவிலி:
பிறந்த ஏழாம் நாள் வந்த குழந்தை. முதலில் நன்றாகப் பால் குடித்தது, பிறகு வாய் திறக்கவில்லை, வழக்கமான கதைதான். எனக்கு மறக்காதது பிளாஸ்திரி. மூக்குவழிக் குழாயை ஒட்டுவதற்காக உடனிருந்தவர் தொட்டிலருகே அதைச் சரக்கென்று கிழித்தார். அந்தச் சத்தத்திற்கே குழந்தை வில்லாக வளைந்தது. விரல்கள் மடங்கி இறுகின, உதடு சிரிப்பதுபோல் இழுத்துக்கொண்டது, உடல் நீலம் பாரித்தது. மற்ற வலிப்புகளில் பெரும்பாலும் நினைவு தப்பும், இதில் தப்பாது. எல்லாம் உணர்ந்துகொண்டே கிடந்ததே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் பிளாஸ்திரியை வெளியிலேயே வெட்டிக்கொண்டு வருகிறேன். இருட்டும் அமைதியும்தான் பாதி மருந்து.

குழந்தைநல மருத்துவர்:
பாதி என்பது அதிகம். இறுக்கத்தைத் தணிக்கும் உறக்க மருந்தான டயாசெபாமைக் கூட்டினால் மூச்சு மட்டுப்படும், குறைத்தால் இறுக்கம் திரும்பும். செயற்கைச் சுவாசக் கருவி இருந்தால்தான் வெக்குரோனியம் கொடுத்துத் தசைகளைத் தளர்த்தத் துணிய முடியும். அப்படித் தளர்த்திய குழந்தையைப் பார்த்து, "நிம்மதியாகத் தூங்குகிறது" என்றார் பயிற்சி மருத்துவர் ஒருவர். தூங்கவில்லை, அசைய முடியவில்லை, அவ்வளவுதான். உறக்க மருந்தை நிறுத்தியிருந்தால் விழித்தபடியே கட்டுண்டு கிடந்திருக்கும். இறுக்கம் அடங்கிய பிறகும் நாடித்துடிப்பு தாறுமாறாக ஏறி இறங்கியது. மெக்னீசியம் சல்பேட் தொடங்கிய பிறகே கட்டுக்குள் வந்தது.

பெரியம்மா:
என் தங்கை மகன். நஞ்சை முறிக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டாயிற்றே, ஏன் இன்னும் துடிக்கிறான் என்று மருத்துவரிடம் சண்டைக்கே போனேன். நரம்பில் ஏற்கெனவே பற்றிய கிருமியின் நஞ்சை அது எடுக்காது, இன்னும் பற்றாததை மட்டுமே முறிக்கும் என்றார். நரம்பு தேற வாரக்கணக்கில் ஆயிற்று. பிழைத்தான்.

ஆனால் எல்லோரும் ஒன்றைக் கேளுங்கள். கர்ப்பிணிக்குத் தடுப்பூசி போட்டால் அந்த எதிர்ப்புச்சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். தொப்புள்கொடியைக் கிருமி நீக்கிய கருவியால்தான் வெட்ட வேண்டும். கண்டதையும் பூசக் கூடாது. பிழைத்த குழந்தைக்கும் தடுப்பூசி அவசியம், ஏனென்றால் நோய் வந்துபோனதால் எதிர்ப்புச்சக்தி வந்துவிடாது. தாய்க்கும் விடுபட்ட ஊசிகளைப் போடுங்கள். "அதுதான் வந்து போய்விட்டதே" என்று எங்கள் வீட்டிலேயே தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள்.

இரவுப்பணிச் செவிலி:
அம்மா, இங்கே கேட்டது அனுபவம். மருத்துவருக்கு ஒரு கேள்வி: மெக்னீசியம் கொடுத்தபோது இரத்தத்தில் கால்சியம் அளவு குறைந்ததா? எங்களிடம் குறைந்தது.