ஒளிப்படத்தின் 'மூட்': தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாலிடெக்னிக்கின் ஒளிப்படக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. வெளிச்சம், நிறம், கோடு, வெற்றிடம் (படத்தில் காலியாக விட்ட பகுதி) எல்லாம் சேர்ந்து ஒரு படத்துக்கு எப்படி 'மூட்' தருகின்றன என்று ஒரு பாடம். அந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். 'மனநிலை' என்றால் யாருடைய மனநிலை, எடுத்தவருடையதா பார்ப்பவருடையதா என்று வகுப்பில் கேட்கிறார்கள். அவர்களே பேசும்போது "இந்த போட்டோல ஒரு ஃபீல் இருக்கு சார்" என்கிறார்கள். உதவுங்கள்.
– செ.

தம்பி செ., கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைய வேண்டும்? மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது. தொல்காப்பியர் எட்டு வகை சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்றும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டொரோதியா லாங் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' (புலம்பெயர்ந்த தாய்) படத்தைப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள், அவள் விரல்கள் கன்னத்தோரம் நிற்கின்றன. "இளிவே இழவே அசைவே வறுமை" என்று அழுகைக்குச் சொன்ன நான்கில் கடைசி இரண்டும், தளர்ச்சியும் வறுமையும், அந்தப் படத்தில் கண்கூடு.
– அ.ப.

ஐயா, லாங் படத்துக்குச் சரி, அதில் மெய், அதாவது உடல், இருக்கிறது. இன்னொரு அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவுப் படத்தில் ஆளே இல்லையே. கீழே சின்ன ஊர், சாயும் வெயிலில் பளிச்சென்று தெரியும் கல்லறைச் சிலுவைகள், மேலே வானம், நிலா. அதே நெகட்டிவிலிருந்து முதலில் போட்ட பிரதிகளில் வானம் சாம்பல் நிறம், மேகக் கீற்றுகளும் தெரியும். பின்னாளில் போட்டவற்றில் வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கிவிட்டார். ஊர் அதேதான், நிலாவும் அதேதான், ஆனால் சாதாரண அந்திப்பொழுது, நெஞ்சை அடைக்கும் தனிமையாகிவிடுகிறது. அங்கே மாறியதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். அதை மெய்ப்பாடு என்றால், முகம் இருந்தால்தான் உணர்ச்சி என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் சொல்லிக்கொடுக்கப் படாத பாடு படுவதே அதற்கு நேர்மாறானதை.
– ம.

அம்மா ம. சொல்வது முழுக்க நியாயம். என் பரிந்துரை 'சாயல்'. தொல்காப்பியத்தின் உரியியலில் "சாயல் மென்மை" என்றே நூற்பா இருக்கிறது. சாய் என்ற வேரிலிருந்து சாயல், சாயம், நிழலைக் குறிக்கும் சாயை, பொழுது சாய்வதால் சாயங்காலம். வெளிச்சம், நிறம், நிழல், பொழுது நான்கும் ஒரே வேரில் கிடைக்கும்போது வேறென்ன வேண்டும்?
– கு.

கு. அண்ணா, சாயங்காலமும் சாயையும் வடமொழி, அவற்றைச் 'சாய்' என்ற வேரோடு சேர்க்க முடியாது. அதைவிட, "அப்பா சாயல்" என்றுதான் ஊரில் எல்லோரும் பேசுகிறோம். "இப்படத்தின் சாயல்" என்றால் வேறு படத்தைப் பார்த்து எடுத்தது என்றாகிவிடும். சங்கப் பாட்டில் நிலமும் பொழுதும் முதல், அங்குள்ள உயிர்களும் பொருள்களும் கரு, உணர்ச்சி உரி என்று பிரித்தவர்கள் நாம். நிலமும் பொழுதும் உணர்ச்சியைச் சுமக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. அதனால் எனக்கு 'உரி'தான் பிடித்திருந்தது. ஆனால் தனியாக நின்றால் தேங்காய் உரிப்பதுதான் நினைவுக்கு வரும். 'உணர்வுத்தொனி' போடலாம், படித்ததும் புரிகிறது.
– இரா.

தொனி த்வனியின் மாற்றுருவம். ஒரு வடசொல்லை விரட்டிவிட்டு இன்னொன்றை உள்ளே விடுவதா? அதுவும் ஒலிக்கு உரியது, கண்ணுக்கல்ல.
– அ.ப.

ஐயா, குரலுக்கு உரிய தொனியை மக்கள் எழுத்துக்கும் எப்போதோ மாற்றிக்கொண்டார்கள். கடிதத்தில் தொனி இருக்கலாம் என்றால் படத்தில் ஏன் கூடாது? ஆடம்ஸின் வானத்தைக் காட்டி "தொனி மாறிவிட்டது பாருங்கள்" என்றால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அகராதி தேவைப்படாது.
– ம.

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லை, இரா.வும் ம.வும் ஒத்துக்கொண்டதால் 'உணர்வுத்தொனி' என்றே போடுகிறேன். 'வெற்றிடம்' பற்றியும் கேட்க வேண்டும், அறிவியல் பாடத்தில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது. தனி இழையில் கேட்கிறேன்.
– செ.

போடுங்கள் தம்பி, தடுக்கவில்லை. என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். ஆள் இருக்கும் படங்களுக்கான பகுதியிலாவது எட்டு மெய்ப்பாடுகளையும் ஒரு பெட்டியில் கொடுங்கள். இளிவரலுக்கும் (இழிவுணர்ச்சி) மருட்கைக்கும் (வியப்பு) பொருத்தமான படங்கள் தேவைப்பட்டால் நான் தேடித் தருகிறேன்.
– அ.ப.