காற்றில் எரித்துப் புதுப்பித்த பிறகு பல்லேடியம்–காலியம் வினையூக்கியின் தெரிவுத்திறன் ஏன் சரிந்தது?

ஆய்வு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். எத்திலீனில் கலந்திருக்கும் அசெட்டிலீனை மட்டும் ஹைட்ரஜனேற்றம் செய்து நீக்கும் வினைக்காக, பல்லேடியமும் காலியமும் ஒன்றுக்கு ஒன்று என்ற அணு விகிதத்தில் அமைந்த உலோகங்களிடைச் சேர்மத்தைத் தயாரித்திருக்கிறேன். எடைக் கணக்கில் பல்லேடியம் 60.4%. ஆர்கான் சூழலில் உருக்கி, வெற்றிடமாக்கி மூடிய குவார்ட்ஸ் குழாயில் நெடுநேரம் சூட்டில் வைத்துப் பதப்படுத்திய பின் பொடித்தேன். எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் அளவீடு) படத்தில் வேறு படிகக் கட்டம் எதுவும் தென்படவில்லை.

அசெட்டிலீன் 0.5%, ஹைட்ரஜன் 5%, எத்திலீன் 50%, மீதி ஹீலியம் என்ற கலவையை 200 பாகை செல்சியசில் செலுத்தியபோது, எத்திலீனுக்கான தெரிவுத்திறன் (வினையுற்ற அசெட்டிலீனில் எத்திலீனாக மாறும் பங்கு) 70 விழுக்காட்டுக்கு மேல் அசையாமல் நின்றது. மாற்ற அளவு (வினையுறும் அசெட்டிலீனின் விழுக்காடு) மெல்ல இறங்கியதால் கரி படிந்திருக்கும் என்று கருதி, 400 பாகையில் உலர்ந்த காற்றைச் செலுத்தி எரித்தேன். அதன் பிறகு வினைவேகம் பன்மடங்கு கூடியது. ஆனால் எத்தேன் பெருகி, தெரிவுத்திறன் 40 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. எக்ஸ்ஆர்டி படத்தில் இப்போதும் பழைய கோடுகள்தான் இருக்கின்றன. நிலைத்தன்மை மிக்கதென்று பெயர் பெற்ற சேர்மம் இப்படி மாறக் காரணம் என்ன? எங்களிடம் அகச்சிவப்பு நிறமாலைமானி இல்லை. டிபிஆர் கருவி (மாதிரியைச் சூடேற்றிக்கொண்டே அது ஹைட்ரஜனை எடுப்பதையும் விடுவதையும் அளப்பது) உண்டு.

பரப்பு வேதியியலாளர்:

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: தெரிவுத்திறனை இரண்டு நிலைகளிலும் ஒரே மாற்ற அளவில் ஒப்பிட்டீர்களா? அசெட்டிலீன் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிட்டால், புறப்பரப்பில் இடம் காலியாகி எத்திலீன் வந்து ஒட்டி எத்தேனாகும். வினைவேகம் பன்மடங்கு கூடிய மாதிரியை அதே அளவு எடுத்துப் பார்த்தால் நல்ல வினையூக்கிகூடக் கெட்டதாகத் தெரியும். எடையைக் குறைத்து மீண்டும் அளந்து பாருங்கள். ஆனாலும், நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் கோளாறு அளவீட்டோடு முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சேர்மத்தின் நிலைத்தன்மை ஹைட்ரஜனும் ஹைட்ரோகார்பனும் நிறைந்த ஒடுக்கச் சூழலுக்கு உரியது. தனிப் பல்லேடியத்தில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 2.75 ஆங்ஸ்ட்ராம், உங்கள் சேர்மத்திலோ ஒவ்வொரு பல்லேடியத்தையும் ஏழு காலியம் அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன, மிக அருகிலுள்ள இன்னொரு பல்லேடியம் சுமார் 3.0 ஆங்ஸ்ட்ராம் தள்ளியே இருக்கிறது. சாதாரண உலோகக் கலவையில் அணுக்கள் இடம் மாறி ஒன்றுகூட வாய்ப்புண்டு. இங்கே காலியத்தோடு ஏற்பட்ட சகப்பிணைப்பு அவற்றைத் தத்தம் இடத்தில் பிடித்து வைக்கிறது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து ஹைட்ரைடு (உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம்) உண்டாவதும் தடைபடுகிறது. தனிப் பல்லேடியத்தின் தெரிவுத்திறன் குறைவதற்கு, உள்ளிருந்து மேலேறி வரும் அந்த ஹைட்ரஜன் ஒரு முக்கியக் காரணம்.

400 பாகையில் ஆக்சிஜனைக் காட்டினால் கணக்கே மாறிவிடும். காலியத்துக்கு ஆக்சிஜன் மீதுள்ள நாட்டம் மிகுதி என்பதால், அது சேர்மத்தை விட்டுப் பிரிந்து காலியம் ஆக்சைடாகிப் படிகிறது; துணையை இழந்த பல்லேடியம் தனித் துகள்களாகத் திரள்கிறது. பொடியின் உள்பகுதி பழையபடியே இருப்பதால் எக்ஸ்ஆர்டி படமும் மாறாததுபோல் தோன்றும். தாமிரக் கதிரில் பல்லேடியத்தின் முதன்மைக் கோடு 40.1 பாகையில் வரும். உங்கள் சேர்மத்தின் வலுவான கோடு 41.2 பாகையை ஒட்டி இருக்கிறது. சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களின் கோடு அகன்று தாழ்ந்திருக்கும் என்பதால், அது பக்கத்துக் கோட்டின் அடிவாரத்தில் மறைந்துவிடும். கோட்டின் இடப்பக்கச் சரிவை மட்டும் மெதுவாக அளந்து பாருங்கள்.

டிபிஆர் கருவி இருப்பது நல்லதாயிற்று. மாதிரியை அறை வெப்பநிலையில் நீர்த்த ஹைட்ரஜன் ஓட்டத்தில் வைத்துவிட்டு மெல்லச் சூடேற்றுங்கள். தனிப் பல்லேடியம் இருந்தால் அது ஏற்கெனவே உறிஞ்சிய ஹைட்ரஜனை 60 முதல் 80 பாகைக்குள் வெளிவிடும். வரைபடத்தில் அது தலைகீழ்ச் சிகரமாகத் தெரியும். தூய சேர்மத்தில் அது வராது. துகள்கள் மிகச் சிறியவையானால் சிகரம் மங்கிவிடும் என்பதால், சிகரம் தோன்றாததை மட்டும் வைத்துப் பல்லேடியம் இல்லை என்று தீர்ப்பளிக்க வேண்டாம்.

ஆலைப் பொறியாளர்:

எத்திலீன் ஆலைகளில் அலுமினாவின் மேல் ஏற்றிய பல்லேடியம்–வெள்ளி வினையூக்கியே பரவலாக உள்ளது. அசெட்டிலீன் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மேல் மிஞ்சினால், அடுத்த கட்டத்தில் பாலிமராக்கும் வினையூக்கி நஞ்சாகும் என்பதால் இதில் யாரும் துணிந்து சோதனை செய்வதில்லை. கிரீன் ஆயிலும் (அசெட்டிலீன் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து உண்டாகும் எண்ணெய்ப் படிவு) கரியும் சேர்ந்த வினையூக்கிப் படுகையை நாங்கள் நீராவியோடு காற்றைக் கலந்து எரிக்கிறோம். வெள்ளி அதைத் தாங்குவதற்குக் காரணம், வெள்ளி ஆக்சைடு அந்தச் சூட்டில் தானே சிதைந்து உலோகமாகிவிடுவது. காலியம் ஆக்சைடு அப்படிச் சிதையாது. ஆகவே எங்கள் எரிப்பு முறையை உங்கள் சேர்மத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பது என் கருத்து.

ஆய்வு மாணவி:

மிக்க நன்றி. மாதிரியின் எடையைக் குறைத்து முந்தைய மாற்ற அளவிலேயே அளந்தபோதும் தெரிவுத்திறன் 50 விழுக்காட்டைத் தாண்டவில்லை. டிபிஆர் வரைபடத்தில் 70 பாகைக்கு அருகே சிறிய தலைகீழ்ச் சிகரம் தெளிவாகவே வந்தது. எரிக்காமல் எடுத்து வைத்திருந்த பொடியில் அது இல்லை. நீர்த்த அம்மோனியாவில் கழுவினால் ஆக்சைடு படலம் நீங்கும் என்று படித்தேன். அதைச் செய்யலாமா?

பரப்பு வேதியியலாளர்:

இந்த மாதிரிக்கு வேண்டாம். அறை வெப்பநிலைக் காற்றில் பட்டு மெல்லிய படலம் பூத்த புதுப் பொடிக்கு அந்தக் கழுவல் பயன்படும். அதுவும் காரத்தன்மையைக் கட்டுக்குள் வைத்தால்தான், இல்லையேல் காலியம் மிகுதியாகக் கரைந்து சேர்மமே சிதையத் தொடங்கும். உங்கள் மாதிரியில் இப்போது ஆக்சைடு கரைந்தால், அதன் அடியிலும் இடையிலும் உள்ள தனிப் பல்லேடியம் இன்னும் வெளிப்படும், எத்தேன்தான் கூடும்.

ஹைட்ரஜனில் சூடேற்றி ஒடுக்கிப் பார்க்கலாம். காலியம் ஆக்சைடு தனியாக எளிதில் ஒடுங்காவிட்டாலும், பல்லேடியத்தை ஒட்டியுள்ள பகுதி, அதன் மேல் பிளவுற்ற ஹைட்ரஜனால் ஒடுங்கி மீண்டும் உலோகத்தோடு சேரும். அப்படிச் சேரும்போது பெரும்பாலும் பல்லேடியம் இரண்டு, காலியம் ஒன்று என்ற சேர்மமே முதலில் உருவாகிறது. எடையில் பல்லேடியம் 75.3% உள்ள அதுவும் இந்த வினைக்கு நல்ல தெரிவுத்திறன் உடையதுதான், ஆனால் உங்கள் ஆய்வேட்டின் தலைப்பில் உள்ள சேர்மம் அது ஆகாது. ஒடுக்கிய மாதிரியைப் புதிய பெயரிட்டுத் தனிக் குப்பியில் வையுங்கள். மூலச் சேர்மத்தைப் பற்றிய அளவீடுகளுக்கு எரிக்காத பொடியையே எடுத்து, அதில் கரி படிந்தால் காற்றுக்குப் பதிலாக ஹைட்ரஜனைச் செலுத்தி, படிவில் எவ்வளவு நீங்குகிறது என்று பாருங்கள். ஒடுக்கிய பின் எடுக்கும் டிபிஆர் வரைபடத்தில் அந்தத் தலைகீழ்ச் சிகரம் மறைகிறதா என்பதையும் இங்கே பதிவிடுங்கள்.