ஸ்லைடில் தசை இல்லை

ஸ்லைடுபெட்டி:
உடலிலிருந்து எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜியில் இருப்பவன் நான். எத்தனையோ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று, ஒன்று மட்டும் இன்னும் தூங்கவிடுவதில்லை. சிறுநீர்ப்பைக் கட்டி, டியூஆர்பிடி செய்து, அதாவது சிறுநீர்த் துவாரம் வழியாகக் கருவி விட்டு, சுரண்டி எடுத்த துண்டுகள். வேகமாகப் பரவக்கூடிய ஹை கிரேடு வகை என்பதில் சந்தேகமே இல்லை, உள்சவ்வைத் தாண்டி அடியில் இருக்கும் இணைப்புத் திசுவுக்குள் செல்கள் இறங்கியிருந்தன, அதாவது டி1, தசையை எட்டுவதற்கு முந்தைய நிலை. அவற்றை ஒட்டி இளஞ்சிவப்பாகச் சில தசை இழைகள், நூல் பிரிந்த மாதிரி மெல்லிசாக, பக்கத்திலேயே தடித்த சுவரோடு இரண்டு ரத்தக்குழாய்கள். அது சவ்வுக்கு அடியில் ஓடும் சின்னத் தசை, பையைச் சுருக்கும் டிட்ரூசர் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. டிட்ரூசர் என்றால் கட்டுக்கட்டாகத் தடிமனாக இருக்கும். அதனால் ‘தசைக்குள் பரவவில்லை’ என்று எழுதினேன். தப்பு அங்கேதான். டிட்ரூசர் ஒரு துண்டில்கூட வரவே இல்லை. வராத தசைக்குள் பரவவில்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ‘டிட்ரூசர் இந்த மாதிரியில் இல்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் சில வாரத்தில் மறுபடி சுரண்டிப் பார்த்திருப்பார்கள். என் வரியை நம்பி விட்டுவிட்டார்கள். அடுத்த முறை அதே பெயர் என் மேஜைக்கு வந்தபோது சிறுநீர்ப்பையே முழுசாக ஃபார்மலினில் வந்தது. சுவரை வெட்டினேன். வெளுத்த கட்டி தசையைக் கடந்து வெளிப்பக்கக் கொழுப்பைத் தொட்டிருந்தது.

உங்களுக்கும் இப்படி மனதில் தங்கிவிட்டது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

மூத்தமகள்:
அப்பாவுக்கு வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம். சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களைப் பார்க்கும் யூரின் சைட்டாலஜிக்குக் கேட்டார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் நல்லது என்று நானாக நினைத்துக்கொண்டு அதைப் பிடித்துக் கொடுத்தேன், சர்க்கரைக்கும் மற்றதுக்கும் அப்படித்தானே கேட்பார்கள். ‘செல்கள் சிதைந்துள்ளன, கருத்துச் சொல்ல இயலாது’ என்று வந்தது. இரவெல்லாம் பைக்குள் ஊறிய செல்கள் கெட்டுப்போகும், அடுத்ததாகப் போவதைப் பிடியுங்கள் என்று அப்புறம்தான் சொன்னார்கள். இரண்டாவது தடவை லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். சாதாரணச் செல்லில் உட்கரு நடுவில் ஒரு பொட்டு மாதிரி. பக்கத்தில் ஒன்று, உட்கருவே செல்லை அடைத்துக்கொண்டு, ஓரம் கோணல்மாணலாக, மை கொட்டியது போல் கறுப்பாக. எனக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பத்து நாள் வீணானதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சைட்டோ_மேஜை:
மூத்தமகள், பத்து நாளில் எதுவும் கெட்டுப்போயிருக்காது, அதை விடுங்கள். ஆனால் ‘விளக்க வேண்டியிருக்கவில்லை’ என்றீர்களே, அதை ஏற்க முடியவில்லை. கறுப்பான பெரிய உட்கருவை நானும் நம்பி ஏமாந்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு ஸ்லைடு, உட்கரு செல்லை முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது, ஹை கிரேடு என்று குறித்துவிட்டேன். மேலதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: ஓரம் எப்படி இருக்கிறது? திரும்பப் பார்த்தேன். காம்பஸ் வைத்து வரைந்த வட்டம். உள்ளே சொரசொரப்பே இல்லை, பனி படிந்த கண்ணாடி மாதிரி ஒரே மங்கல். சீட்டைத் திருப்பினால் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர். பிகே வைரஸ் புகுந்த செல் அது, டீகாய் செல் என்போம். புற்றுநோய் இல்லை. நோயாளிக்கு ரிப்போர்ட் போகவில்லைதான், ஆனாலும் அந்த வட்டம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சைட்டாலஜி ‘சுத்தம்’ என்று வந்தால் கட்டியே இல்லை என்று யாரும் நினைக்காதீர்கள். மெதுவாக வளரும் லோ கிரேடு கட்டியின் செல் தனியாக உதிர்ந்து வந்தால் சாதாரணச் செல் மாதிரியே இருக்கும், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது. சிறுநீர் சைட்டாலஜி ரிப்போர்ட் எழுதுவதற்கென்று 2016-இல் வந்த பாரிஸ் முறையே ஹை கிரேடைத் தவறவிடாமல் பிடிப்பதைத்தான் முதல் வேலையாக வைத்திருக்கிறது. ரத்தம் போனால் சைட்டாலஜி என்ன சொன்னாலும் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்லைடுபெட்டி, உங்களுக்கும் ஒன்று. ஹை கிரேடு டி1 என்றாலே, மாதிரியில் தசை இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி சுரண்டிப் பார்ப்பதுதான் வழக்கம். முழுப் பழியையும் நீங்களே சுமக்காதீர்கள்.

பன்னிரண்டு_ஊசி:
நான் நோயாளி. ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் புரதம் கூடியதால் புராஸ்டேட்டில் 12 இடத்தில் ஊசி போட்டு எடுத்தார்கள். பதினொன்றில் ஒன்றுமில்லை, ஒன்றில் மட்டும் ‘சந்தேகத்துக்குரிய சில சுரப்பிகள், கூடுதல் சாயம் போட்டு முடிவு சொல்லப்படும்’. அந்த நான்கு நாள் இருக்கிறதே! பிறகு பேத்தாலஜி டாக்டர் திரையில் காட்டினார். நல்ல சுரப்பியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் மணி கோத்த மாதிரி ஒரு வரிசை, அடித்தளச் செல்களாம், பி63 சாயம் ஏறினால் அப்படித் தெரியுமாம். அதற்கு நடுவே மூன்று குட்டிச் சுரப்பிகள், சுற்றிலும் ஒரு மணிகூட இல்லை. “வேலி இல்லாத வீடு இது” என்றார். புற்றுநோய்தான், ஆனால் அதன் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் எண் 3+3=6, குறைவானதுதான். சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில்தான் இருக்கிறேன். பிஎஸ்ஏ-வுக்கு ரத்தம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூன்று குட்டிச் சுரப்பிகள்தான் கண் முன்னால் வருகின்றன.

தம்பிக்காக:
என் தம்பிக்கு விரையில் கட்டி. ஊசி குத்திப் பார்த்தால் என்ன என்று நான்தான் கேட்டேன், யூராலஜி டாக்டர் கூடவே கூடாது என்று மறுத்துவிட்டார். தொடை இடுக்குக்கு மேலே கீறி விரையை முழுசாக எடுத்துத்தான் சோதனைக்கு அனுப்பினார்கள். முதலில் செமினோமா என்றார்கள், விரைப் புற்றுநோயில் ஒரு வகை. ஆனால் ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற, சில கட்டிகள் சுரக்கும் புரதம் கூடியிருந்தது. அந்தத் தாள் என் பையிலேயே கிடந்தது, பேத்தாலஜிக்குப் போகவே இல்லை. அவர்களே போன் செய்து கேட்டபோதுதான் எடுத்துக் கொடுத்தேன். சுத்தமான செமினோமாவில் ஏஎஃப்பி ஏறாது என்று சொல்லி, மிச்சக் கட்டியிலிருந்து இன்னும் பல துண்டுகள் வெட்டிப் பார்த்ததில் ஒரு மூலையில் யோக் சாக் கட்டி என்ற வேறு வகைப் புற்றுநோய் அகப்பட்டது. சிகிச்சையே மாறிவிட்டது.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், முன்பு நடந்த சிகிச்சை எல்லாவற்றையும் மாதிரியோடு சேர்த்துக் கொடுங்கள். சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி மருந்து போட்டிருந்தாலோ, கல் இருந்தாலோ, கதிர்வீச்சு எடுத்திருந்தாலோ கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், செல்கள் உருமாறிப்போய்ப் பார்ப்பவரைக் குழப்பும். வேறு இடத்தில் இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டுமென்றால் ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது, ஸ்லைடையும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்குங்கள். கட்டை இருந்தால்தான் புதுசாகச் சீவிச் சாயம் போட முடியும். பன்னிரண்டு_ஊசி, உங்களுக்கு அடுத்த பயாப்ஸியில் 7 என்று வந்தால் உடனே பதறாதீர்கள், 3+4-ஆ 4+3-ஆ என்று முதலில் பாருங்கள், கூட்டினால் ஒன்றுதான், ஆனால் முதல் எண்தான் அதிக இடத்தைப் பிடித்திருக்கும் வகை. வீரியத்தை 1 முதல் 5 வரை பிரிக்கும் கிரேடு குரூப்பில் 3+4 என்பது 2, 4+3 என்பது 3.

பன்னிரண்டு_ஊசி:
7 வரும் என்று நான் சொல்லவே இல்லையே. ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

ஸ்லைடுபெட்டி:
சைட்டோ_மேஜை, நீங்கள் சொல்வது சரிதான், வழக்கம் அதுதான். ஆனால் ‘பரவவில்லை’ என்ற சொல்லைப் படித்தவர் அவசரமில்லை என்று எடுத்துக்கொண்டார், அந்தச் சொல் என்னுடையது. இப்போது ஒவ்வொரு டியூஆர்பிடி ரிப்போர்ட்டிலும் முதலில் தட்டச்சு செய்வது ‘டிட்ரூசர் தசை: உள்ளது’ அல்லது ‘இல்லை’. கட்டியைப் பற்றி எழுதுவது அதற்கு அப்புறம்தான்.

மூத்தமகள்:
இதைப் படித்துவிட்டு அப்பாவின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். போன மாதம் சுரண்டி எடுத்ததன் ரிப்போர்ட், இரண்டு பக்கம். தசை என்ற சொல்லே அதில் இல்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்கப் போகிறேன்.