மீனும் படகும்

குழு: காசிமேடு நம்ம வீடு

அக்கா, காலை 9:12
சித்தி, பிளே ஸ்கூலில் நேற்று படம் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். விலங்கு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். என் பையன் மீனைக் கொண்டுபோய்ப் படகோடு வைத்துவிட்டான். தப்பு என்று சிவப்பு மையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூன்றரை வயசு ஆகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

சித்தி, 9:20
ஏன் அங்கே வைத்தாய் என்று அவனைக் கேட்டாயா கண்ணு?

அக்கா, 9:21
கேட்டேன். "தாத்தா படகுலதானே மீன் வருது" என்கிறான்.

சித்தி, 9:26
சரியாகத்தானே சொல்லியிருக்கிறான்! இந்த வயசில் எது எதோடு சேர்ந்து வருகிறதோ அதைத்தான் பிள்ளைகள் சேர்த்து வைப்பார்கள். ஊசியோடு நூல், நாயோடு எலும்பு. இனம் பார்த்துப் பிரிப்பது மெல்ல வரும். அங்கன்வாடியில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தப்பு என்று சொல்வதற்கு முன்னால் காரணத்தைக் கேட்க வேண்டும்.

தம்பி, 9:31
பாரிமுனையில் படச் சார்ட் வாங்கி வரட்டுமா சித்தி?

சித்தி, 9:38
அப்புறம் வாங்கலாம்பா. முதலில் கையில் தொடுகிற பொருள். வெங்காயக் கூடையில் நாலு உருளைக்கிழங்கைக் கலந்து பிரிக்கச் சொல். துவைத்த துணியில் அவன் சட்டை, அப்பா சட்டை. அடுத்தது ஒரே படம் இரண்டிரண்டாக, ஜோடி சேர்க்க. அதன் பிறகுதான் இனம். இரண்டே இனம், இனத்துக்கு மூன்று படம். முதல் படத்தை நீயே வைத்துக் காட்டு.

பெரியம்மா, 9:44
சின்னப் பிள்ளைகளுக்கான மாண்டிசோரி கல்வி முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையாரும் அப்படித்தான், முதலில் பொருளைக் கையில் கொடுப்பார். 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

அக்கா, 9:50
இன்னொன்று சித்தி. பொத்தான்களை நிறம் பார்த்து அழகாகப் பிரிக்கிறான். அதையே பெரிசு, சிறிசு என்று பிரிக்கச் சொன்னால் திரும்பவும் நிறத்துக்கே போகிறான்.

சித்தி, 9:55
மூன்று வயசுப் பிள்ளைகள் முதலில் பிடித்ததை லேசில் விடமாட்டார்கள். நாலு, ஐந்து வயசில் மாற்றிக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு ஒரு விதம் போதும். கொட்டாவி விட்டால் எடுத்து வைத்துவிடு.

அக்கா, மாலை 6:40
சித்தி, அப்பா கொண்டுவந்த மீனைக் கழுவி, இறாலையும் நெத்திலியையும் ஒரே தட்டில் கலந்து கொடுத்தேன். இரண்டு கிண்ணத்தில் தனித்தனியாகப் போட்டுவிட்டான்! நடுவில் ஒரு குட்டி நண்டு கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எங்க?" என்று நிற்கிறான்.

சித்தி, 6:41
மூன்றாவது கிண்ணம் எடுத்துக் கொடு கண்ணு.